தோற்றுப் பார்த்தும் கிடைக்காத அதிர்ஷ்டம் – பாஸ்டன் செல்டிக்ஸ் கதை

கூடைப்பந்து என்றால் நம்மில் பலருக்கு மைக்கேல் ஜோர்டானோடு கதை முடிந்துவிடும். நான் எழுதப் போவது பச்சைச் சட்டை பாஸ்டன் செல்டிக்ஸ் பற்றி. அவர்கள் ஜெயித்ததை விட, விழுந்து எழுந்த விதம்தான் எனக்கு சுவாரஸ்யம்.

பழம்பெருமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946ல் தொடங்கிய அணி. பில் ரஸ்ஸல் ஆடிய 13 சீசன்களில் (1957 முதல் 1969 வரை) 11 கோப்பை! பிறகு லாரி பேர்ட் காலத்தில் மூன்று. 1986ல் வாங்கியது 16வது.

அதோடு பிடித்தது சனி. அதே 1986ல் தேர்வு செய்த லென் பயஸ் என்ற கல்லூரி வீரர் இரண்டே நாளில் கொக்கைனால் இறந்துபோனார். 1993ல் அணித்தலைவர் ரெஜி லூயிஸ் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து இறந்தார். வயது 27தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். என்.பி.ஏ.வில் ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் சில இடங்கள் குலுக்கலில் முடிவாகும். அதிகம் தோற்ற அணிக்குக் குலுக்கலில் வாய்ப்பும் அதிகம். அதாவது தோற்பதற்குப் பரிசு!

செல்டிக்ஸும் தோற்றுப் பார்த்தார்கள். 1996-97ல் 82 ஆட்டங்களில் 67 தோல்வி. அந்த வருடம் எல்லோரும் கண் வைத்திருந்தது டிம் டங்கன் மேல். செல்டிக்ஸ் கையில் இரண்டு சீட்டு, முதலிடத்துக்கு சுமார் 36 சதவீத வாய்ப்பு. கிடைத்ததோ 3வது, 6வது இடங்கள். டங்கன் சான் அன்டோனியோ போய் ஐந்து கோப்பை வாங்கினார்.

பத்து வருடம் கழித்து அதே கூத்து. 2006-07ல் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்றார்கள். கெவின் டுரான்ட்டாவது வருவார் என்று பார்த்தால், குலுக்கலில் 5வது இடம்.

பொது மேலாளர் டேனி எய்ஞ்ச் இனி குலுக்கலை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தார் போலும். அந்த 5வது தேர்வைக் கொடுத்து ரே ஆலனை வாங்கினார். ஐந்து வீரர்களையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து கெவின் கார்னெட்டை வாங்கினார். ஏற்கெனவே பால் பியர்ஸ் இருந்தார். 24 வெற்றி பெற்ற அணி அடுத்த சீசனில் 66 வெற்றி! 2008ல் லேக்கர்ஸை வீழ்த்தி 17வது கோப்பை. கடைசி ஆட்டம் 131-92.

ஆனால் மூவருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. 2013ல் எய்ஞ்ச் செய்ததை இன்றும் சிலர் மன்னிக்கவில்லை. பியர்ஸ் 15 சீசன் பாஸ்டனுக்கே ஆடியவர். 2000ல் கத்திக்குத்து வாங்கியும் அந்த சீசனின் 82 ஆட்டங்களிலும் இறங்கியவர். அவரையும் கார்னெட்டையும் புரூக்ளின் நெட்ஸுக்கு அனுப்பிவிட்டார். பதிலுக்கு வாங்கியது, புரூக்ளினின் 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகள். 2017ல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதற்குப் பிறகு செல்டிக்ஸ் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்காக புரூக்ளின் தோற்றது! 2016-17ல் செல்டிக்ஸ் கிழக்குப் பிரிவில் முதலிடம். புரூக்ளின் லீக்கிலேயே கடைசி. ஜெயித்த அணிக்கே டிராஃப்டில் முதல் தேர்வு! எய்ஞ்ச் அதையும் பிலடெல்பியாவிடம் கொடுத்து, 3வது தேர்வோடு இன்னொரு வருங்காலத் தேர்வையும் வாங்கிக்கொண்டார். அந்த 3வது இடத்தில் வந்தவர் ஜேசன் டேட்டம். அதற்கு முந்தைய வருடம், புரூக்ளின் கொடுத்த தேர்வில் வந்தவர் ஜேலன் பிரவுன். அன்று சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள்.

எய்ஞ்ச் கெட்டிக்காரர், சரி. ஆனால் ஐசையா தாமஸை நினைத்தால் மனசு கேட்கவில்லை. உயரம் 5 அடி 9 அங்குலம். 2011 டிராஃப்டில் 60வது, அதாவது கடைசி ஆள். 2016-17ல் ஆட்டத்துக்கு சராசரி 28.9 புள்ளி. அந்த வருடம் பிளேஆஃப் தொடங்குவதற்கு முதல் நாள் அவர் தங்கை கார் விபத்தில் இறந்தார். மறுநாள் தாமஸ் ஆடினார். இடுப்பில் காயத்தோடும் ஆடினார். ஆகஸ்டில் அவரையும் புரூக்ளினின் 2018 தேர்வையும் மற்றும் சிலரையும் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்து கைரி இர்விங்கை வாங்கிவிட்டார்கள். தாமஸ் அதன்பின் பழைய தாமஸாக ஆகவே இல்லை.

அந்த இர்விங்? இரண்டே சீசன். 2019ல் கிளம்பிப் போனார், அதுவும் எங்கே, புரூக்ளினுக்கே!

2022ல் இறுதிப்போட்டி வரை வந்து கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்றார்கள். 2024 ஜூனில், 16 வருடம் கழித்து, 18வது கோப்பை. இறுதிப்போட்டியின் சிறந்த வீரர், அன்று கூச்சல் வாங்கிய ஜேலன் பிரவுன். எதிரே தோற்று நின்ற டல்லாஸ் அணியில் இருந்தவர், அதே கைரி இர்விங்.