வானிலிருந்து தெரியும் வயல்: வன்னியின் மிதிவெடி அகற்றலில் செயற்கைக்கோளின் வரலாறு

இலங்கையின் வடக்கில் இராணுவம் பெருமளவில் புதைத்த பி-4 மிதிவெடி பாகிஸ்தானில் செய்யப்பட்டது. குறுக்களவு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். உடல் பிளாஸ்டிக், உலோகம் மிகச் சொற்பம். 1999 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐகோனோஸ்தான், பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்ற நிலையில் ஒரு மீட்டர் தெளிவுள்ள படங்களை முதலில் தந்த செயற்கைக்கோள். அந்தப் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஒரு சதுர மீட்டர். அதற்குள் பி-4 மிதிவெடிகளை நெருக்கி அடுக்கினால் இருநூறு வரை கொள்ளும். இன்று கிடைக்கும் முப்பது சென்டிமீட்டர் தெளிவிலும் ஒரு புள்ளிக்குள் பதினாறு அடங்கிவிடும். இவ்வளவும் மண்ணுக்கு மேலே கிடக்கும் வெடிக்கான கணக்கு. இரண்டு விரற்கடை மண் மூடிவிட்டால் எந்த ஒளிப்படத்துக்கும் அது எட்டாது.

அப்படியிருந்தும் கால் நூற்றாண்டாக மிதிவெடி அகற்றுவோர் செயற்கைக்கோளை விடாமல் பயன்படுத்தி வருகிறார்கள். எதற்கு என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. வெடியைத் தேடித்தரும் கருவி என்ற நம்பிக்கையில் வந்த தொழில்நுட்பம், வெடி இல்லாத நிலத்தைப் பிரித்தறிந்து உழவருக்குத் திருப்பித் தரும் கருவியாக மாறியது என்பது என் முடிவு. அந்த மாற்றத்தை வட இலங்கையின் வன்னியில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

கோவை பீளமேட்டில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021 பிப்ரவரி 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-51 ஏற்றிச்சென்ற சிறிய செயற்கைக்கோள்களில் ஒன்று ஸ்ரீ சக்தி சாட். அதைச் செய்தவர்கள் இங்கிருந்து அவிநாசி சாலையில் சற்றுத் தள்ளியுள்ள ஒரு பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். விண்வெளிப் பொறியியல் கொங்குநாட்டுக்கு இனி எட்டாத துறை அல்ல. மறுபக்கம் பூலுவப்பட்டி, பவானிசாகர் முகாம்களில் இலங்கைத் தமிழர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களில் ஊர் திரும்ப விரும்பும் ஒரு குடும்பத்துக்கு, விட்டுவந்த காணி விடுவிக்கப்பட்டதா என்பது உயிர்க் கேள்வி.

மூன்றாவது தொடர்பு இன்னும் பழையது. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, சில ஆண்டுகளில் கொங்குநாட்டுக்கு வந்தது. அவருடைய பதிவுகளில் ‘புட்சபாலியம்’ என்று குறிக்கப்படும் இடத்தில், ஏறத்தாழ 11 பாகை அகலாங்கில், விண்மீன்களைப் பார்த்து அகலாங்கு கணித்தார்கள். அந்த நில அளவையின் நெடுவரை அளவீட்டை அடிப்படையாகக் கொண்டே ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்துக்கான அளவுகளை வகுத்தார். இந்தியாவின் வரைபடங்கள் மட்டுமல்ல, இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் கண்டவல ஆதாரப்புள்ளி சார்ந்த பழைய வரைபடங்களும் அந்த அளவுகளின் மேல் எழுந்தவைதான்.

இதற்கும் மிதிவெடிக்கும் என்ன தொடர்பு? ஜி.பி.எஸ். கருவி கணக்கிடுவது உலகம் முழுமைக்குமான வேறொரு பூமி வடிவத்தின் மேல். அந்த எண்களை எவரெஸ்ட் வடிவத்தில் வரைந்த பழைய வரைபடத்தில் அப்படியே இட்டால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். சாலை போடுபவருக்கு இது தொல்லை. மிதிவெடி வயலின் எல்லையைக் குறிப்பவருக்கு உயிராபத்து. ஆபத்தான நிலம் வரைபடத்தில் பாதுகாப்பானதாகிவிடும், பக்கத்து வீட்டு முற்றம் சிவப்பாகிவிடும். மிதிவெடி அகற்றலில் செயற்கைக்கோளின் முதல் பங்களிப்பு படம் அல்ல, இடங்குறித்தல். அதன் முதல் சிக்கலும் இதுதான்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிதிவெடி புதைத்தவர்கள் ஒரு தரப்பினர் அல்லர். இராணுவம் பி-4உடன் சீனாவின் டைப்-72 வகையையும் புதைத்தது. விடுதலைப் புலிகள் ஜொனி-95, ரங்கன்-99 என்று தாங்களே செய்து புதைத்தார்கள். 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையும் மிதிவெடிகளைப் பயன்படுத்தியதாக அனைத்துலக ஆய்வறிக்கைகள் பதிவு செய்துள்ளன. இந்தியாவிலிருந்து எழுதும் எவரும் இதைத் தாண்டிச் செல்லக்கூடாது. சர்வத்ரா, ஹொரைசன் என்னும் இந்திய நிறுவனங்களின் முன்னாள் படைவீரர்கள் பின்னாளில் அதே மண்ணில் மண்டியிட்டு வெடி எடுத்ததையும், போருக்குப் பின் இந்திய அரசு வெடி அகற்றும் ஏழு குழுக்களுக்கு நிதி தந்ததையும் அந்தப் பதிவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

2000 மே வரை ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. பொதுமக்கள் கையிலிருந்த கருவி நூறு மீட்டர் வரை தவறலாம். அந்தக் காலத்தில் வெடிநிலத்தின் எல்லையைத் திசைகாட்டியாலும் அளவு நாடாவாலும் குறித்தார்கள். அசையாத ஓர் அடையாளத்திலிருந்து இத்தனை பாகை, இத்தனை மீட்டர் என்று மூலைக்கு மூலை எழுதினார்கள். பிழை நீக்கப்பட்டதும் கைக்கருவியின் தவறு பத்து மீட்டர் அளவுக்குக் குறைந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற மிதிவெடி அகற்றும் அமைப்புகள் வடக்கில் இறங்கியபோது இந்த வசதி கைவசம் இருந்தது. ஜெனீவாவிலுள்ள மனிதநேய மிதிவெடி அகற்றல் மையத்துக்காக சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கி, 1999இல் கொசோவோவில் முதலில் பயன்பட்ட இம்ஸ்மா என்னும் தகவல் தொகுப்பும் இலங்கைக்கு வந்தது. விபத்து நடந்த இடம், வெடி எடுத்த இடம், சந்தேக நிலத்தின் எல்லை எல்லாம் முதன்முறையாக ஒரே வரைபடத்தில் சேர்ந்தன. இதன் பயனை எளிதில் குறைத்து மதிப்பிடலாம். இராணுவம் வரிசையாகப் புதைத்த இடத்தில் மூன்று வெடிகளின் இடம் சரியாகக் குறிக்கப்பட்டால், நான்காவது எந்தத் திசையில் இருக்கும் என்று வரைபடமே சொல்லிவிடும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு முயற்சி நடந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் 2001 முதல் 2004 வரை ஸ்மார்ட் என்னும் திட்டத்தை பெல்ஜியத்தின் அரச இராணுவக் கல்விக்கழகம் உள்ளிட்ட அமைப்புகள் நடத்தின, களம் குரோஷியா. விமானத்திலிருந்து எடுத்த ரேடார் படங்களையும் பல நிறமாலைப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். வெடியையே படத்தில் காண்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. பதுங்குகுழி, போர்முனை, கைவிட்ட வயல், உடைந்த பாலம் ஆகியவற்றை வெடி இருப்பதற்கான அறிகுறிகளாகவும், உழுத நிலத்தையும் ஓட்டமுள்ள பாதையையும் இல்லாததற்கான அறிகுறிகளாகவும் எடுத்துக்கொண்டார்கள். இவ்வரலாற்றின் திருப்புமுனை என்று நான் கருதுவது இதைத்தான். 2009இல் நில விடுவிப்புக்கென்று அனைத்துலகத் தரவிதி வெளிவந்தபோது இந்தச் சிந்தனை நடைமுறை விதியாகவே ஆயிற்று. சந்தேகப் பரப்பு முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. சான்றுகளின் அடிப்படையில் ஒரு பகுதியை விலக்கலாம், ஒரு பகுதியைச் சோதித்து விடுவிக்கலாம், எஞ்சியதில் மட்டும் கைவைத்து அகற்றலாம்.

அந்த 2009 மே மாதத்தில்தான் வன்னிப் போர் முடிந்தது. ஐ.நா.வின் செயற்கைக்கோள் மையமான யுனோசாட் ஆராய்ந்த முள்ளிவாய்க்கால் படங்கள் உலகுக்குத் தெரிந்தது மக்கள் மீது விழுந்த குண்டுகளின் சான்றாக. போரின் சுவடுகளைச் செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமாகப் பதிகிறது என்பதற்கும் அவை சான்று. அதே ஆண்டு பிப்ரவரியில் கூகுள் எர்த் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் புரட்டிப் பார்க்கும் வசதியைத் தந்தது. போருக்குமுன் வயலாக இருந்தது எது, நடுவில் மண்ணணை எழுந்தது எங்கே, எப்போது பற்றைக்காடு மூடியது என்பதை இணைய வசதியுள்ள எவரும் பார்க்கலாம் என்றானது.

முகமாலையை எடுத்துக்கொள்வோம். ஏ-9 வீதி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் பச்சிலைப்பள்ளியின் தென்னந்தோப்புப் பகுதி அது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்து, அதைத் தொடர்ந்த சண்டைகள் ஓய்ந்தபின், கிளாலிக் கடல்நீரேரியிலிருந்து நாகர்கோவில் கரை வரை இரு தரப்பின் முன்னரங்கும் எதிரெதிரே நின்றது. 2009 ஜனவரி வரை அந்தக் கோடு பெரிதாக நகரவில்லை. அத்தனை ஆண்டுகளில் வெடிக்குமேல் வெடியாகப் புதைத்தார்கள். வானத்துப் படத்தில் மண்ணணைகளும் பதுங்குகுழிகளும் கோடுகோடாகத் தெரிந்தன. எந்தக் கோட்டுக்கு முன்னால் வெடி இருக்கும், பின்னால் எங்கே படையினர் நடமாடிய பாதை என்பதை அவற்றிலிருந்து ஊகிக்க முடிந்தது.

ஊகத்துக்குப் பிறகுள்ள வேலை கையால் நடப்பது. உலோகம் குறைந்த வெடியும், எறிகணைச் சில்லு நிறைந்த மண்ணும் ஒன்றுசேர்ந்த இடத்தில் உலோகங்காட்டி ஓயாமல் கத்தும். எனவே வடக்கில் மண்வாரியால் மண்ணை வாரி எடுக்கும் முறை வளர்ந்தது. பணியாளர் ஒரு மீட்டர் அகலப் பாதையில் முகக்கவசத்தோடு மண்டியிடுவார். கனமான வாரியால் மண்ணை வெடியின் மட்டத்துக்குக் கீழிருந்து தளர்த்துவார்; மெல்லிய வாரியால் தன்பக்கம் இழுப்பார். மிதிவெடி மேலிருந்து வரும் அழுத்தத்துக்கு வெடிப்பது. பக்கவாட்டில் அணுகினால் ஆபத்து குறைவு. நாள் முழுக்க உழைத்தால் சில சதுர மீட்டர் முடியும். இவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அதில் உண்டு. வெடியில்லாத ஒரு பரப்பைப் படத்தின் துணையால் முன்கூட்டியே விலக்கினால், மிச்சமாவது இந்தப் பெண்களின் மாதங்கள்.

ஆனால் படம் பொய்யும் சொல்லும். பற்றைக்காடு மூடிய வயல் வெடிக்குப் பயந்து கைவிட்டதாகவே இருக்க வேண்டியதில்லை. உரிமையாளர் கனடாவிலோ பவானிசாகரிலோ இருக்கலாம்; குளம் உடைந்து நீர் வராமல் போயிருக்கலாம்; உயர் பாதுகாப்பு வலயமாக வேலி போட்டிருக்கலாம். மாறாக, பசி தாங்காமல் வெடி இருப்பது தெரிந்தே ஒருவர் உழுத நிலமும் உண்டு. படத்தில் அது பாதுகாப்பான பசுமை. இந்த வேறுபாட்டைச் சொல்லக்கூடியவர் ஊரில் உள்ளவர் மட்டுமே. ஆய்வுக்குழு அச்சிட்ட படத்தை விரித்து, மாடு எங்கே செத்தது, விறகுக்குப் போனவர் எங்கே கால் இழந்தார், முன்னாள் போராளிக்கு எந்தப் பக்கம் நினைவிருக்கிறது என்று கேட்கிறது. அவர் விரல் தொடும் இடம் ஆள்கூறாகிறது. சாட்சியம் கலக்காத படத்தை மட்டும் வைத்து நிலத்தை விடுவிப்பது குற்றத்துக்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து. உக்ரைனில் 2022க்குப் பிறகு செயற்கைக்கோள் படங்களைக் செயற்கை நுண்ணறிவால் படிக்கும் வேகம் பெருகியிருக்கும்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொங்குநாட்டின் பங்கு இங்கேதான் வரமுடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தமிழ்நாட்டில் எந்த வயலில் எப்போது நெல் நட்டார்கள் என்று கணித்து, பயிர்க் காப்பீட்டுக்கே உதவியிருக்கிறது. மேகமூட்டத்திலும் ரேடார் பார்க்கும். உழுத வயலையும் உழாத வயலையும் பருவத்துக்குப் பருவம் பிரித்தறியும் இந்தத் திறன், வெடி இல்லாததற்கான அறிகுறியைத் தேடும் திறன்தான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், இலைமறைவை ஊடுருவும் எல்-அலைவரிசை ரேடாருடன் பன்னிரண்டு நாளுக்கொருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. மிதிவெடி அதற்கும் தெரியாது. பற்றைக்குள் மறைந்த மண்ணணை தெரிய வாய்ப்புண்டு.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான பத்தாண்டுக் கெடு 2028 ஜூன் 1. எஞ்சியுள்ள பரப்பு சிறிது, ஆனால் அடர்ந்த காடும் சிதறிய தகவலும் உள்ள கடினமான பரப்பு. கோவைக் கல்லூரிகளின் தொலையுணர்வு மாணவர்கள் பழைய ரேடார் படங்களை எடுத்து, ஏற்கெனவே விடுவித்த நிலங்களில் எந்த அறிகுறி சரியாகச் சொன்னது, எது தவறியது என்று சோதிக்கலாம். அதற்கு அகற்றிய நிலங்களின் எல்லைகளும் வெடி எடுத்த புள்ளிகளும் ஆய்வாளர் கைக்குக் கிடைக்க வேண்டும். இலங்கையின் தேசிய மிதிவெடி நடவடிக்கை மையத்திடம் முதலில் கேட்க வேண்டியது அந்தத் தரவைத்தான்.