குறும்பகலும் நெடுங்கற்களும்



மார்கழியிலே சூரியன் தென்திசை எல்லையைத் தொட்டுத் திரும்புகின்றான் என்பதை நாம் பஞ்சாங்கத்தைப் பார்த்தே அறிந்துகொள்கின்றோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பகல் தேய்வதும் வளர்வதும் நமது கண்ணுக்கு உறைப்பதில்லை.

தென் இங்கிலாந்தின் நிலை வேறு. யூன் மாதத்திலே பதினாறரை மணித்தியாலம் நின்றெரிந்த சூரியன், டிசெம்பர் 21 அல்லது 22ஆம் திகதியளவில் எட்டு மணித்தியாலத்துக்குள் மறைந்துபோகின்றான். பிற்பகல் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மந்தைகளையும் மண்ணையும் நம்பி வாழ்ந்த ஒரு சமுதாயத்துக்கு, தேய்ந்துகொண்டு போகும் பகல் எப்போது மீண்டும் வளரத் தொடங்கும் என்பது அடுத்த ஆண்டுச் சோற்றைப் பற்றிய கேள்வியாகும். அக்கேள்விக்குக் கல்லிலே எழுதப்பட்ட விடையொன்று சோல்ஸ்பரி சமவெளியிலே இன்றும் நிற்கின்றது. ஸ்ரோன்ஹெஞ்ச் என்பது அதன் பெயர்.

கிறிஸ்துவுக்கு முன் 3000ஆம் ஆண்டளவில் அங்கே முதலில் அமைந்தது வட்டமான ஓர் அகழியும் மண்ணணையுமே. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளின் பின்னர்தான் பெருங்கற்கள் எழுந்தன. முப்பது தூண்கற்கள் வட்டமாக நிற்க, அவற்றின் தலையிலே குறுக்குக் கற்கள் வளையமாகப் பொருத்தப்பட்டன. தூணின் உச்சியிலே முளையும், மேற்கல்லின் அடியிலே குழியும் செதுக்கி, தச்சன் மரத்தை இணைப்பதுபோல் கல்லை இணைத்திருக்கின்றார்கள். உள்ளே, இரு தூணும் ஒரு மேற்கல்லுமாக ஐந்து வாயில்கள் குதிரை லாட வடிவில் நின்றன. பெருந்தூண் ஒவ்வொன்றும் சராசரி 25 தொன் எடையுடையது. இரும்போ சில்லு வண்டியோ அறியாத காலத்து வேலை இது.

இக்கற்களின் அச்சு வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்கின்றது. யூன் மாதத்து நெடும்பகலன்று வடகிழக்கிலே சூரியன் உதிப்பதைக் காண ஆயிரக்கணக்கானோர் அங்கு திரள்வதைப் பத்திரிகைப் படங்களிலே நாம் பார்த்திருக்கின்றோம். ஆயின் அதே கோட்டின் மறுமுனை, குறும்பகலன்று சூரியன் மறையும் இடத்தைச் சுட்டுகின்றது. ஐந்து வாயில்களில் மிக உயர்ந்தது அந்தத் தென்மேற்குப் பக்கத்திலேயே நின்றது. அதன் இரு தூண்களுக்கும் நடுவே ஆண்டின் கடைசித் தளர்ந்த கதிர் இறங்கியிருக்கும். அவற்றில் ஒரு தூண் விழுந்துவிட்டது. சாய்ந்து நின்ற மற்றதை 1901ஆம் ஆண்டிலே நிமிர்த்தி நிறுத்தினார்கள். 2012இல் வெளியான லேசர் அளவீடு இன்னொன்றையும் காட்டியது. வடகிழக்கிலிருந்து வருபவரின் கண்ணுக்குப் படும் முகங்களே மிகுந்த சிரத்தையோடு செப்பனிடப்பட்டுள்ளன. அவ்வழியே நடந்து வருபவர் நோக்குவது தென்மேற்கை; அதாவது, மார்கழி மாலையை.

கற்கள் சொல்வதை எலும்புகளும் உறுதிப்படுத்துகின்றன. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள டறிங்ரன் வோல்ஸ் என்னுமிடத்தில், மைக் பார்க்கர் பியர்சன் தலைமையிலான ஆய்வுக்குழு, பெருங்கற்கள் நாட்டப்பட்ட காலத்து வீடுகளையும் பெருவிருந்துகளின் மிச்சங்களையும் அகழ்ந்தெடுத்தது. அவற்றுட் பெரும்பாலானவை பன்றி எலும்புகள். பற்களை ஆராய்ந்தபோது, பல பன்றிகள் ஒன்பது மாத வயதளவில் கொல்லப்பட்டிருப்பது தெரியவந்தது. வசந்தத்திலே ஈன்ற குட்டி ஒன்பது மாதம் நிறைவது நடுக் குளிர்காலத்திலே. 2019இல் வெளியான இரசாயன ஆய்வு, அப்பகுதி விருந்துகளுக்கு வந்த பன்றிகளிற் சில ஸ்கொற்லாந்து, வேல்ஸ் போன்ற தொலைதூரப் பிரதேசங்களில் வளர்ந்தவை என்று காட்டியது. பன்றியை மந்தையாக நெடுந்தூரம் நடத்திக்கொண்டு வருவது எளிதன்று. வழியிலே அகப்பட்டதை வாங்காமல், தம் ஊர்ப் பன்றியையே கொண்டுவந்தார்கள் அம்மக்கள்.

கற்களும் அவ்வாறே வந்தன. சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டுப் பிரசெலி மலைகளிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் வந்தவை. நடுவே கிடக்கும் ஆறு தொன் எடையுள்ள பீடக்கல், வடகிழக்கு ஸ்கொற்லாந்திலிருந்து குறைந்தது 700 கிலோமீற்றர் கடந்து வந்தது என்பது 2024இலே தெரியவந்தது. அருகிலே கல் இல்லாமலா? பெருந்தூண்கள் 25 கிலோமீற்றர் தூரத்துக் காட்டிலிருந்தே வந்தன. எனவே, வெவ்வேறு திசையிலிருந்த மக்கள் தத்தம் மண்ணின் கல்லைக் கொண்டுவந்து ஓரிடத்திலே சேர்த்தார்கள் என்றே நான் விளங்கிக்கொள்கின்றேன். இருள் முதிர்ந்த நாளிலே தனித்திராமல் கூடியிருப்பது என்பதே அக்கட்டடத்தின் பொருள்.

அப்பொருள் காலப்போக்கில் மறைந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே யோன் ஓப்ரியும், அடுத்த நூற்றாண்டிலே வில்லியம் ஸ்ரக்லியும் அதைத் துருயிட் குருமாரின் கோயில் என்றனர். யூலியஸ் சீசர் எழுதிவைத்த அந்தக் குருமாருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கற்கள் எழுந்துவிட்டன. 1915இல் இவ்விடம் ஏலத்தில் 6,600 பவுணுக்கு விலைபோயிற்று. வாங்கியவர் 1918இல் அதை நாட்டுக்கே வழங்கினார்.

நாட்டின் சொத்தானபின் நாட்டு மக்கள் அங்கே கூடலாமா என்ற வழக்கு எழுந்தது. 1974 முதல் நடந்துவந்த கோடை விழா 1985இலே தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு யூன் முதலாம் திகதி, விழாவுக்குப் புறப்பட்டோரைப் பொலிசார் வழிமறித்துத் தாக்கி, ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்தனர். தொடர்ந்த ஆண்டுகளிலே கதிர் திரும்பும் நாளில் கற்களை அணுக முடியவில்லை. அச்சம்பவத்தின் பத்தாவது ஆண்டு நினைவாக 1995இலே வீதியோரப் புல்லிலே அமைதியாகக் கூடி நின்ற சிறு கூட்டத்தில் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1999இலே ஐந்து நீதிபதிகளுள் மூவர், பிறருக்கு இடையூறின்றிப் பொதுவீதியிலே அமைதியாகக் கூடுவது அத்துமீறலாகாது என்று தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு கற்களின் வாயில் கோடைத் திருப்பத்துக்காக மக்களுக்குத் திறந்தது. குளிர்காலத் திருப்பத்துக்கும் இன்று மக்கள் உள்ளே செல்கின்றனர். அவர்கள் நின்ற வீதி 2013இலே மூடப்பட்டுப் புல்தரையாகிவிட்டது. தீர்ப்பு நிற்கின்றது.

இன்று டிசெம்பரிலே வருவோர் கூடுவது விடியற்காலையில். கற்கள் நோக்குவதோ அந்திச் சூரியனை. இதைக் கண்டு நகைக்க நமக்கு உரிமையில்லை. உத்தராயணத்தின் தொடக்கம் என்று நாம் கொண்டாடும் தைப்பொங்கல், ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் உண்மையான திருப்ப நாளோடு பொருந்தியிருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நமது ஆண்டு விலகி, இன்று மூன்று வாரத்துக்கும் அதிகமாகப் பிந்திவிட்டது. ஆங்கிலேயரும் தம் நாள்காட்டியைச் சரிசெய்ய 1752இலே பதினொரு நாள்களை நீக்கவேண்டியிருந்தது. எழுதிவைத்த திகதி வழுவுகின்றது. கல் காட்டும் திசை நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளிலே மிகச் சிறிதே மாறியிருக்கின்றது.

எனினும் கல் திசையை மட்டுமே காக்கும். பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தவரும், வீதியோரத்திலே நின்று வழக்காடியவரும், பனியிலே விடியலுக்குக் காத்திருப்பவரும் காத்தது, ஒன்றுகூடுதல் என்பதை. பிந்திய நாளிலேனும் நாம் முற்றத்திலே பானை வைத்துக் கதிரவனை நோக்கி அயலோடு கூடுகின்றோம் அல்லவா? நாள் பிழைத்தாலும் கூட்டம் பிழைக்காதிருக்கட்டும்.