நாடியில் வைத்த விரல்

நம் இல்லங்களில் இரத்த அழுத்தத்திற்கும் நெஞ்சுவலிக்கும் பலர் உட்கொள்ளும் மாத்திரைகளுள் 'பீட்டா பிளாக்கர்' ஒரு வகை. அதன் பிறப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதயத்திற்கு இரத்தம் போதாவிடில் இரத்தத்தைக் கூட்டவே மருத்துவர் வழி தேடினர். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக்கோ, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று கேட்டார். அட்ரினலின் இதயத்தை விரட்டும் வாயிலை அடைக்க முனைந்தார். முதலில் கண்ட மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1960களின் நடுவில் புரோப்ரனலால் வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் இம்மருந்துக்குக் கண் இல்லை. துள்ளும் இதயத்தையும் தளர்ந்த இதயத்தையும் ஒன்றுபோலவே அடக்கும். ஆகவே மாத்திரை தருமுன் செவிலியர் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுகிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார். ஆஸ்துமா உண்டா என வினவுகிறார். நாடி 60க்குக் கீழிருப்பின் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்கிறார்.

இப்பணி மருத்துவமனையோடு முடிவதில்லை. 500 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலையில் மருத்துவ உதவி அறையும் செவிலியரும் வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கார்களைச் செய்யும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை நினைக்கிறோம். இரவுமுறைத் தொழிலாளி ஒருவர், தலைச்சுற்றலுக்கு அஞ்சி மாத்திரையைத் தாமே விட்டுவிடலாம். திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி முற்றும், மாரடைப்பும் நேரக்கூடும். நீரிழிவும் உள்ளவருக்கோ, சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பை மருந்து மறைத்துவிடும்; வியர்வையை மறைப்பதில்லை. ஆனால் வெல்டிங் பிரிவிலிருந்து வருபவரின் வியர்வை வெக்கையாலா, சர்க்கரைத் தாழ்வாலா? விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தே செவிலியர் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.