கண்டியில் ஒரு அறை: வாடகைச் சட்டம் எங்களை எங்கே விட்டது?

பேராதனை, கெட்டம்பே, அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை. எந்தப் பக்கம் அறை தேடினாலும் நாங்கள் கேட்கிற பதில்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆறு மாச அட்வான்ஸ் வேணும், சமைக்க ஏலாது, அக்ரிமெண்ட் எல்லாம் எதுக்கு, வாய்ப்பேச்சு போதும்தானே. இலங்கையில் வாடகைக்கு இருப்பவரைப் பாதுகாக்க எண்பது வருடங்களுக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சட்டம் ஏன் எங்கள் அறைவரை வந்து சேரவில்லை?

கொஞ்சம் பின்னால் போவோம். இராசதானிக் காலத்துக் கண்டியில் வீடு என்பது வாடகைக் கணக்கு இல்லை, அனுமதிக் கணக்கு. ஓடு போடுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும்கூட மேல்மட்டத்தாருக்கு மட்டும் இருந்த சலுகைகள். 1739இல் நாயக்கர் வம்சம் அரசுக்கு வந்தபின், தென்னிந்தியாவிலிருந்து வந்த அரச உறவினர்கள் அரண்மனைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். அந்தத் தெருவுக்கு இன்றும் மலபார் வீதி என்றுதான் பெயர். 1815இல் கண்டி பிரித்தானியரிடம் விழுந்தது. ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டார், உறவினர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். தெரு மட்டும் மிஞ்சியது. பிறகு நகரைத் துப்புரவு செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வேறு தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மஹியாவயில் நகரசபை லயம். தோட்டத்து லயம் மாதிரியே அதுவும் வேலையோடு ஒட்டிய கூரை. வேலை போனால் கூரையும் கேள்விக்குறி.

வாடகைச் சட்டம் யுத்தத்தோடு வந்தது. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. பயந்த சனம் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தது, வீடுகளுக்குக் கிராக்கி ஏறியது. அதே வருடம் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவே இராணுவ அலுவலகமானது. அந்த நெரிசலில் வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகை ஏற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஆச்சரியம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் இதை நிரந்தரமாக்கியது. 1941 நவம்பரில் இருந்த மதிப்பீட்டை வைத்து ‘நியம வாடகை’ கணக்கிடப்பட்டது. 1972இல், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது. சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. வாடகைக்காரர் இறந்தாலும் கூட இருந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை தொடரும். பிணக்கு வந்தால் வாடகைச் சபை இருக்கிறது. அடுத்த வருடமே ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு வந்தது. மேலதிக வீடுகளை அரசு எடுத்து, அதில் குடியிருந்தவர்களுக்கே விற்க வழி செய்தது. நிறையக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காரர்களானது இப்படித்தான்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பாற்றியது ஏற்கனவே உள்ளே இருந்தவரை. வெளியே நின்று தேடுபவருக்கு அது கதவைத் திறக்கவில்லை. ஒருமுறை கொடுத்தால் வீடு திரும்பி வராது என்ற பயத்தில் பலர் வாடகைக்கு விடுவதையே தவிர்த்தார்கள். விட்டவர்கள் ‘கீ மணி’ கேட்டார்கள். மும்பையிலும் 1947 வாடகைச் சட்டத்தின் கீழ் ‘பக்டி’ என்ற பெயரில் இதே கதைதான். வாடகை அசையாமல் நின்றதால் பழைய வீடுகளைத் திருத்தவும் உரிமையாளருக்கு மனம் வரவில்லை.

1977க்குப் பிறகு காற்று மறுபக்கம் அடித்தது. 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம், 1980 ஜனவரி 1க்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகளை வாடகைச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. பிரேமதாசவின் லட்சம் வீட்டுத் திட்டமும், பிறகு வந்த பத்து லட்சம் வீட்டுத் திட்டமும் சொந்த வீடு கட்டுபவரைத்தான் பார்த்தன. வாடகைக்கு இருப்பவர் அந்தப் படத்திலேயே இல்லை. எங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் தேடுகிற அனெக்ஸ், மேல்மாடி அறை, போர்டிங் எல்லாம் பெரும்பாலும் 1980க்குப் பின் எழுந்தவை. ஆறு மாச அட்வான்ஸ் கேட்டாலும், அடுத்த வருடம் வாடகையை இரட்டிப்பாக்கினாலும், அந்த வீடுகளுக்கு 1972 சட்டத்தைக் காட்ட முடியாது.

கிராக்கி மட்டும் கூடிக்கொண்டே போனது. 1952இல் ஐவர் ஜெனிங்ஸ் பேராதனைக்குக் கொண்டுவந்த பல்கலைக்கழகம் ஒரு வதிவிடப் பல்கலைக்கழகம். அருணாசலம், ராமநாதன் விடுதிகள் அந்த எண்ணத்தில் கட்டப்பட்டவை. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தபோது, குறிப்பாகக் கலைப்பீடம் விடுதிகளைத் தாண்டி வளர்ந்தது. ஊரின் நில அமைப்பும் ஒத்துழைக்காது. ஒரு பக்கம் ஹந்தானை மலை, இன்னொரு பக்கம் உடவத்தகலைக் காடு, சுற்றி மகாவலி. சரிவில் கட்டினால் மண்சரிவுப் பயம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகர மையத்தில் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள்.

தமிழ் மாணவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. யுத்த காலத்தில் வாடகைக்கு இருந்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்கால உத்தரவு கொடுத்தது. வாடகை கட்டியிருந்தும் ஒரே இரவில் இடம் இல்லாமல் போகலாம் என்று எங்கள் பெற்றோர் தலைமுறை அன்றைக்குப் பார்த்தது. அறை பார்க்கப் போகும்போது ‘ஊர் எங்கே?’ என்ற கேள்வி இன்றும் முதலில் வந்தால் எங்களுக்குள் ஏதோ ஒன்று சுருங்குவது அதனால்தான்.

2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை வேகமாக மீட்க உரிமையாளருக்கு வழி தந்தது. அது தேவைதான், வீட்டுக்காரர் எல்லோரும் பணக்காரரும் இல்லை. போர்டிங் காசில் மருந்து வாங்குகிற ஓய்வூதியக்காரர்களும் எங்களுக்கு அறை தருகிறார்கள். ஆனால் அதற்குச் சமமாக, புதிய வீடுகளில் இருக்கும் வாடகைக்காரருக்கு என்ன இருக்கிறது? 1972க்கே திரும்பிப் போகச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. முற்பணத்துக்கு ஒரு எல்லை, வெளியேறச் சொல்ல நியாயமான கால அவகாசம், காசுக்கு ஒரு ரசீது. இந்த மூன்றும் 1980க்குப் பின் கட்டிய வீட்டுக்கும் பொருந்த வேண்டும். அதுவரை, அடுத்த முறை அறை எடுக்கும்போது வாய்ப்பேச்சோடு நிற்காமல் ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.