தர வட்டம்

தர வட்டம் என்பது, ஒரே பணியிடத்தில் வேலை செய்யும் சிலர் தாமாக முன்வந்து அவ்வப்போது கூடி, தங்கள் வேலையில் எழும் சிக்கல்களைத் தாங்களே ஆராய்ந்து தீர்வு காணும் சிறு குழு. தொழிற்சாலைகளில் ‘குவாலிட்டி சர்க்கிள்’ என்ற பெயரே புழக்கத்தில் உள்ளது.

தோற்றம்

இதன் பிறப்பிடம் ஜப்பான். அமெரிக்க வல்லுநர்களான டெமிங் 1950-இலும் ஜூரான் 1954-இலும் அங்கு சென்று தரக்கட்டுப்பாடு பற்றி விரிவுரையாற்றினர். பொறியாளர்களும் மேலாளர்களும் அதனால் பயன்பெற்றனர். ஆனால் இயந்திரத்தின் அருகே நிற்பவர்களுக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. அக்குறையைப் போக்க, ஜப்பானிய அறிவியலாளர் பொறியாளர் ஒன்றியம் 1962 ஏப்ரலில் ஃபோர்மன்களுக்கென ஓர் இதழைத் தொடங்கியது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவோரு இஷிகாவா (1915–1989) அதன் ஆசிரியர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தொழிலாளர்கள் சொந்தக் காசில் வாங்கும்படி விலை குறைவாக வைக்கப்பட்டது. தனியாகப் படித்துப் பழகாதவர்கள் குழுவாகச் சேர்ந்து படிக்குமாறு இதழ் ஊக்குவித்தது. அப்படிக் கூடிப் படித்தவர்களே, படித்ததைத் தங்கள் வேலையில் செய்து பார்க்கத் தொடங்கினர். மட்சுயாமா நகரின் தொலைபேசித் துறைக் குழு அதே ஆண்டு மே மாதத்தில், முதல் தர வட்டமாகப் பதிவானது.

செயல்முறை

உறுப்பினர்கள் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, தரவு திரட்டி, காரணம் கண்டு, தீர்வைச் சோதித்துப் பார்த்து, நிர்வாகத்தின் முன் விளக்குவார்கள். சரிபார்ப்புத் தாள், பரேட்டோ வரைபடம், இஷிகாவா உருவாக்கிய மீன்முள் வரைபடம் உள்ளிட்ட எளிய கருவிகளை முதலில் கற்றுக்கொள்வார்கள். பள்ளிப் படிப்போடு நின்றவரும் இவற்றைக் கையாள முடியும். ஒரு பழுதுக்கு யாரைக் குறை சொல்வது என்று பார்க்காமல், அது எதனால் நேர்ந்தது என்று கேட்கும் பழக்கம் இதனால் வளர்கிறது. புதிய யோசனைகள் பிறப்பதும் அப்போதுதான்.

பரவல்

அமெரிக்காவில் லாக்ஹீட் நிறுவனம் 1974-இல் இம்முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஐதராபாத் ஆலை 1980 வாக்கில் இதைத் தொடங்கியது. இந்தியத் தர வட்ட மன்றம் 1982-இல் உருவானது. ஊழியர் அனைவரின் பங்கேற்பையும் அடிப்படையாகக் கொண்ட முழுத் தர மேலாண்மையைப் பின்பற்றிய சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல் டெமிங் பரிசைப் பெற்றது. இப்பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே.

வரம்புகள்

அமெரிக்காவில் 1980களின் நடுப்பகுதிக்குள் பல வட்டங்கள் கலைந்தன. கட்டாயத்தின்பேரில் கூட்டப்பட்ட வட்டங்களும், சொன்ன யோசனைக்குப் பதிலே வராத வட்டங்களும் நீடிக்கவில்லை. இடைநிலை மேலாளர்கள் தங்கள் அதிகாரம் குறையுமென அஞ்சியதும் தடையாயிற்று. படிக்க நேரமும், கேட்க மனமும், செய்து பார்க்க அனுமதியும் தரும் நிர்வாகத்தின்கீழ் மட்டுமே தர வட்டம் நிலைக்கும்.