சைடு போர் வந்த வழி

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டுக் கிணறுகளில் எட்டிப் பார்த்தால், அடியில் பாறைச் சுவரில் இரண்டு அங்குலத் துளைகள் தெரியும். சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் சுவரோடு வழிந்து இறங்கும். சைடு போர். இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் கிணற்றுக்குப் பக்கவாட்டில் கைநீட்டும் யோசனை இந்தக் காட்டுக்கு வந்த வழி ரொம்ப நீளம்.

ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்தில் மலையடிவாரத்தைக் குடைந்து, மெல்லச் சரியும் சுரங்கம் வெட்டினார்கள். கனாத் என்று பெயர். ஏற்றமும் இல்லை, மாடும் இல்லை. தண்ணீர் தானே நடந்து ஊருக்கு வந்தது. அரபுகளோடு அது மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் போனது. ஸ்பானியர் கப்பலேறி மெக்சிகோவையும் தொட்டது. கிழக்கே பாமனி சுல்தான்களின் பீதரில் இறங்கியது. 1615இல் புர்ஹான்பூரில் பாரசீக வல்லுநர் ஒருவர் அமைத்த குண்டி பண்டாரா என்ற கனாத் இன்றும் இருக்கிறது. காசர்கோட்டுச் செம்பாறைக் குன்றுகளில் உள்ள 'சுரங்கம்' அரபு வணிகரோடு வந்ததா, அங்கேயே பிறந்ததா என்ற வாதம் ஓயவில்லை.

மண்ணுக்குள் நீர் நகர்வதற்கான கணக்கு பின்னால் வந்தது. 1856இல் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி, குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்தார். நீர்மட்ட வித்தியாசம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும் என்று கண்டார். இங்கே குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பியவர்களுக்கு இது கைப்பழக்கம்: இன்னும் ஒரு முழம் பறித்தால் ஊறல் வேகம் பிடிக்கும்.

அடுத்த திருப்பம் எண்ணெயால் வந்தது. அமெரிக்கப் பொறியாளர் லியோ ரானி, பூமிக்குள் படுக்கைவாட்டில் துளையிட்டு எண்ணெய் எடுக்க முயன்றார். எண்ணெய் விலை சரிந்ததும் அதே வித்தையை ஆற்றுப்படுகைச் சரளைக்குள் இறக்கினார். 1930களில் லண்டனில் முதல் கிணறு; நடுவில் அகலமான தொட்டி, அடியில் சக்கரத்தின் ஆரக்கால் போலக் குழாய்கள். திருச்சி அருகே காவிரியிலும் கொள்ளிடத்திலும் நிற்கும் வட்டக் கிணறுகள் அதன் வாரிசுகள். ராமநாதபுரத்துக் குடங்கள் வரை அந்தக் காவிரி நீர் போகிறது.

இந்தக் கிணறுகளுக்கு எவ்வளவு நீர் வரும் என்ற கணக்கை 1962இல் நீரியலாளர்கள் ஹன்டுஷும் பாப்படாபுலோஸும் எழுதினார்கள். மோட்டார் போட்டதும் நீர் குழாயின் முழு நீளத்துக்கும் நாலா பக்கமிருந்து நெருங்கும். நாளாக ஆக, தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாக் குழாயும் சேர்ந்து ஒரே பெரிய கிணறு போலத்தான் இழுக்கும்.

மணலுக்குச் சரியான இந்தக் கணக்கு நம் பாறையில் தடுமாறும். இங்கே நீர் இருப்பது மேலே சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான். நெட்டுக்குத்தான வெடிப்புகள் இரண்டுக்கு நடுவே ஆழ்துளை இறங்கினால், ஐநூறு அடி போனாலும் புழுதிதான் பறக்கும். படுக்கைத் துளையோ குறுக்கே போய் ஒவ்வொரு வெடிப்பாக வெட்டிச் செல்லும். 1980களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜிம்பாப்வே, இலங்கைக் கடும்பாறைகளில், தோண்டிய கிணற்றின் அடியில் இதைத்தான் செய்து பார்த்தார்கள்.

ஒரு கிணற்றில் நீர் கண்டால் பக்கத்துப் புஞ்சைக்காரரும் துளை போடும் கம்பரசரைக் கூப்பிடுவது இயல்பு. ஆனால் பூமிக்கடியில் வரப்பு கிடையாது. இரண்டு துளைகளும் ஒரே வெடிப்பைத் தொட்டால் இருவருக்கும் பங்கு குறையும். என் ஆதங்கம் இதுதான்: பக்கத்துக் கிணற்றைச் சேர்க்காமல் யாரும் கணக்குப் போடக் கூடாது.

அதற்கான அளவுகோல் கிணற்றிலேயே இருக்கிறது. ராத்திரி மோட்டாரை நிறுத்தும்போது எந்தப் படி வரை தண்ணீர் கிடந்தது, விடிந்ததும் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று கிணற்றுக்காரர் எண்ணிப் பார்க்கிறார். நிலத்தடி நீர் ஆய்வாளர் தன் கணக்கைத் தொடங்குவதும் இந்த எண்ணிக்கையிலிருந்துதான்.