குறுந்தொகையும் உழைப்போர் உலகமும்

ஈழத்துப் பூதன்தேவனார் பெயரிற் குறுந்தொகையில் மூன்று பாடல்கள் உள்ளன. அப்பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு எம்மிற் பலர் அமைந்துவிடுகின்றோம். வகுப்பறையிலோ, முதல், கரு, உரி என்ற அட்டவணையை மாணவர் மனனஞ் செய்ததும் பாடம் முடிந்துவிடுகின்றது. இயற்கையும் காதலும் பிரிவும் அன்றாட வாழ்வும் நான்கு முதல் எட்டு அடிகளுள் எவ்வாறு அடங்கின என்ற வினா எழுவதேயில்லை. அதற்கு விடை காண யாப்பிலக்கணம் மட்டும் போதாது. அக்காலச் சமுதாயத்தையும் நாம் நோக்குதல் வேண்டும்.

பூரிக்கோ தொகுத்த இந்நூல் நெடுங்காலம் ஏட்டிற் கிடந்து, 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாராலும் 1937இல் உ. வே. சாமிநாதையராலும் பதிப்பிக்கப்பெற்றது. பதிப்பைப் புரட்டுவோர் பாடினோர் பெயர்களிற் சற்றுத் தரித்தல் நன்று. கொல்லன் அழிசி, அறுவை வாணிகன் இளவேட்டனார், எழுத்தாளன் சேந்தம்பூதனார் எனத் தொழிலோடு சேர்ந்த பெயர்கள் அங்குண்டு. வெள்ளிவீதியார், அள்ளூர் நன்முல்லையார் முதலிய பெண்பாற் புலவரும் உளர். இயற்பெயர் மறைந்து, தாம் படைத்த உவமையாலேயே அறியப்படுவோரும் உளர். ஓரேருழவனார் அத்தகையவர்.

அவர் பாடலிலே தலைவியின் ஊர் தொலைவில் உள்ளது. தலைவனின் நெஞ்சு விரைகின்றது. மழையால் நிலம் ஈரம்பட்டிருக்கின்றது. உழவனிடம் இருப்பதோ ஒரேயோர் ஏர். ஈரம் உலருமுன் உழுது முடிக்கவேண்டிய அவனது பதைப்பே தலைவனின் பதைப்பாகின்றது. வறிய உழவனின் நெருக்கடியை அறிந்தவனன்றி வேறு யார் இவ்வுவமையைக் கண்டிருத்தல் கூடும்? கச்சிப்பேட்டு நன்னாகையாரின் பாடலொன்றில், ஏழூர் வேலைக்கும் பொதுவாக ஓரூரில் அமைந்த உலைத்துருத்தி போலத் தலைவியின் நெஞ்சு ஓய்வின்றி வருந்துகின்றது. பிரிவுத் துயரை அளக்கக் கொல்லன் பட்டறையே அளவுகோலாயிற்று. உழைப்பின் அனுபவம் கேட்போர் அனைவருக்கும் பொதுவாயிருந்தமையால், விளக்கவுரை வேண்டாது ஓர் உவமையே போதுமானதாயிற்று. குறும்பாடலின் சுருக்கம் இப்பொதுமையிலிருந்து பிறந்ததென்பதே எமது துணிபு.

ஆயினும் பழமையைப் பொற்காலமாக்கி வழிபடுவதும் தவறேயாகும். அடியோரையும் வினைவலரையும் தலைமக்களாக்கிப் பாடுதல் ஐந்திணைக்குப் புறத்தேதான் விலக்கப்படாதது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கின்றது. உரையாசிரியர்கள் அதனைக் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியதாக்கினர். உழவனின் பதைப்பு உவமையாகலாம்; பணிசெய்வோனின் காதலோ ஐந்திணையின் நடுவிடத்தைப் பெறவில்லை. உழைப்பிலிருந்து உவமையைப் பெற்ற இலக்கியம், உழைத்தோனை வாயிலில் நிறுத்திவைத்தது. இம்முரண்பாட்டை மறைத்துக் குறுந்தொகையைக் கற்பிப்பது வரலாற்றுக்கு நாம் செய்யும் துரோகமாகும்.

இன்று குறுங்கவிதை எழுத முனையும் இளைஞர் பலர் நிலவையும் மலரையும் நாடுகின்றனர். அவை விலக்கத்தக்கவையல்ல. ஆனால், தம் ஊரின் ஏரும் உலையும் எவையென அவர்கள் தேடவேண்டும். கொழுந்துக் கூடை சுமப்பவளும் கடலில் வலை வீசுபவனும் பிறர் காதலுக்கு உவமையாகி நிற்பதோடு அமையாது, தம் காதலையும் இழப்பையும் தாமே பாடும் தலைமக்களாதல் வேண்டும். பண்டைய மரபு நிறைவேற்றாது விட்ட பணி அது. அப்பணியை வகுப்பறையிலிருந்தே நாம் தொடங்கலாம்.